எந்தக் கால்

பாப்பாவின் வாயோரத்து எச்சிலைத் துடைக்கப் போன கை பாதியில் நின்றுவிட்டது. முந்தானையில் மண்ணெண்ணெய் நாற்றம். பட்டுப் புடவையில் எப்படி மண்ணெண்ணெய் என்று சிந்துஜா இன்னொரு தடவை மோந்து பார்த்தாள், மண்ணெண்ணெய்தான், கூடவே திருநீற்றின் நெடி, இரண்டும் குழைந்த சாம்பல் கறை ஒன்று ஜரிகைக்குப் பக்கத்தில் ஈரமாக, அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாரும் பயன்படுத்தாத அந்தப் பழைய ஓடுபாதையின் மேற்குக் கோடியில் இரைச்சல் மாறியது, தரையில் உருளும் தடதடப்பு அறுந்து வெறும் எஞ்சின் சத்தம் மட்டும் மிஞ்சியது, நிமிர்ந்து பார்த்தால் திருமூர்த்தி மேலே போய்விட்டிருந்தான். இன்னைக்குத் தரையில ஓட்டிப் பார்க்கறது மட்டுந்தான், பறக்கறதெல்லாம் அடுத்த வாரம், என்று காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னவன். தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான், அவளைப் பார்க்கவில்லை, அப்போதே அவளுக்குத் தெரியும். "போயிட்டான், மாப்ளே போயிட்டான்" என்று ராபின்சன் வாக்கி டாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு குதித்தான், பாலிடெக்னிக்கில் லேத்து சொல்லிக்கொடுக்கிறவன், வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போகாமல் திருமூர்த்தியோடு சேர்ந்து இந்த விமானத்தின் அடியிலேயே படுத்துக் கிடந்தவன். "அம்மா, உங்க பையன் நம்ம எல்லாரையும் ஏமாத்திட்டான் பாருங்க." அத்தை பூஜைத் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, தென்னந்தோப்புக்கு மேலே ஒருக்களித்துத் திரும்பும் வெள்ளை இறக்கையைத் தேடிப் பிடித்தாள். "ஏறுனதுக்கு என்ன, எறங்கி வரட்டும், அப்பறம் குதி" என்றாள்.

இறங்கி வரட்டும். அந்தச் சொல் சிந்துஜாவின் காதில் விழுந்து, உள்ளே இறங்காமல் காது மடலிலேயே நின்றது. மண்ணெண்ணெய் நேற்று சாயங்காலத்தது. சாளையில், விமானம் நிற்கும் கொட்டகையில், திருமூர்த்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழைய பனியனை மண்ணெண்ணெயில் நனைத்து, விமானத்தின் இரண்டு காலையும் மேலிருந்து கீழாகத் துடைத்தான், காலைப் பூஜைக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று. சக்கரத்தையும் அதைத் தாங்கும் இரும்புக் குழாயையும் சேர்த்துக் கால் என்றுதான் அவர்கள் வீட்டில் பேச்சு, புத்தகத்தில் அதற்கு வேறு பெயர் உண்டு, கால் என்றால் அத்தைக்கும் புரியும். வீட்டில் கட்டிய விமானம், கடையில் வாங்கியது இல்லை, எல்லாக் குழாயையும் அவர்களே அறுத்து அவர்களே வெல்டிங் வைத்தது. இறக்கை தொந்தரவு கொடுத்ததில்லை, எஞ்சின் கொடுத்ததில்லை, படுத்தி எடுத்ததெல்லாம் கால்தான். முதலில் வலது கால், தரையில் ஓட்டும்போதே போல்ட்டு அறுந்து, விமானம் மண்ணில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றது. அப்புறம் இடது கால். ஓட்டும்போதெல்லாம் விமானம் இடது பக்கமாகவே இழுத்தது. டயரில் காற்று இல்லை என்றான், இருந்தது. சக்கரம் கோணல் என்றான், நூல் பிடித்துப் பார்த்தால் கோணல் இல்லை. தனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான், ராத்திரி பாப்பா அழுதால் இவள் எழுவதற்கு முன்னால் அவன் விழித்துக் கிடப்பான், கூரையைப் பார்த்துக்கொண்டு. கடைசியில் ஒருநாள் இவளைச் சாளைக்குக் கூப்பிட்டான், பிரசவத் தையல் இன்னும் இழுத்துக்கொண்டிருந்த சமயம், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனாள். "இங்க வா, ஒரு வேடிக்கை காட்டறேன்." காலை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, வெல்டிங் வைத்த இடத்தில் சாக்பீஸ் பொடியைத் தடவியிருந்தான். வெள்ளைப் பொடியில், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தலைமுடி கனத்தில் ஒரு கருப்புக் கோடு ஊறி வந்தது. "உள்ள போன எண்ணெய் எங்க வாய் தொறந்திருக்கோ அங்கதானே திரும்பி வரணும்? கண்ணுக்குத் தெரியாத விரிசலைக்கூட இது காட்டிக் குடுத்துரும்." அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு, ஆஸ்பத்திரியில் பாப்பாவைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோதுகூட அவ்வளவு இல்லை என்று அன்றைக்கு நினைத்தாள். அந்தக் காலைக் கழற்றி, வேறு குழாய் போட்டு, புதிதாக வெல்டிங் வைத்தார்கள். பிறகு வலதுக்கு மட்டும் எதற்கு ஓரவஞ்சனை என்று வலதையும் கழற்றி அதே மாதிரி. இப்போது இரண்டும் ஒரே மாதிரி. இரண்டும் ஒரே நிறம், ஒரே பெயிண்ட், ஒரே திருநீறு.

திருநீறு. அவள் அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், நினைத்துவிட்டாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்த கையோடு அத்தை தண்ணீரில் குழைத்த திருநீற்றை எஞ்சின் மூக்கில் பட்டையாகப் போட்டாள், வாலில் போட்டாள், இரண்டு காலிலும் மேலே, உடம்போடு கால் சேரும் இடத்தில், மூன்று விரல் பட்டை. வெல்டிங் வைத்த இடம் அது. வெயில் ஏறி, பட்டை காய்ந்து வெளுத்தது. அதற்குள் பாப்பா இடுப்பில் நெளிந்து அழ ஆரம்பித்தாள், ராபின்சன் கற்பூரத்துக்குத் தீப்பெட்டி தேடினான், அத்தை சுற்றி வந்தவள் ஒரு கால் பக்கம் நின்று, "சிந்து, இதென்ன பட்டை பொளந்த மாதிரி நிக்குது, நல்ல காரியத்துல பாக்க நல்லாவா இருக்கு, தொடச்சுட்டு மறுபடி வெச்சுரு கண்ணு" என்றாள். இவள் போய்க் குனிந்தாள். மூன்று பட்டையையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கோடு. முடி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள், பாப்பா பிறந்ததிலிருந்து அவளுக்கு முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது, சாம்பாரில் விழுகிறது, பாப்பாவின் விரலிடுக்கில் சுற்றிக்கொள்கிறது, இங்கேயும் விழுந்திருக்கிறது என்று நகத்தால் கிள்ளி எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. ஈரமாக இருந்தது. முந்தானையால் அழுத்தித் துடைத்தாள், அத்தையின் கிண்ணத்தில் விரலை முக்கி, மூன்று விரலால், அழகாக, பாடப்புத்தகத்தில் கோடு போடுவதுபோல நேராக, மறுபடி பூசினாள். அவ்வளவுதான் நடந்தது. புதுப்பட்டை காய்வதற்கு முன்னால் விமானத்தைத் திருப்பிவிட்டார்கள். இரும்பு வாயைத் திறந்து காட்டியது, அவள் துடைத்து, பூசி, மூடிவிட்டாள். முடி உதிர்கிறது என்று நினைத்தாள். கடவுளே, முடி என்று.

இல்லை, இருக்காது. வெறும் தண்ணீராகவும் இருக்கலாம், குழைத்த திருநீறு ஒரே சீராகவா காயும். பெயிண்டில் கீறலாக இருக்கலாம். அவளுக்கு எல்லாமே விரிசலாகத்தான் தெரிகிறது என்று திருமூர்த்தியே சொல்வான். பாப்பாவின் உச்சந்தலையில் அந்த மெத்தென்ற குழி துடிப்பதைப் பார்த்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக டாக்டருக்குப் போன் போட வைத்தவள்தானே, எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான் இருக்கும், மூடிவிடும் என்று டாக்டர் கொட்டாவியோடு சொன்னார். தொட்டில் கயிற்றைத் தினம் இழுத்துப் பார்ப்பாள். பாப்பா தூங்கும்போது மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பாள். மூச்சு வரும். எல்லாத் தடவையும் வந்திருக்கிறது. ஆகையால் இதுவும் ஒன்றும் இருக்காது. ஆகையால் என்று எப்படிச் சொல்வது. விமானம் தோப்பைச் சுற்றி அவர்கள் தலைக்கு மேலே வந்தது, தாழ்வாக, இரண்டு காலும் தெளிவாகத் தொங்கிக்கொண்டு, சக்கரங்கள் காற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன, தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் காலாட்டிக்கொண்டு, மேலே இருக்கும்வரை அந்தக் கால்களுக்கு வேலையே இல்லை, மேலே இருக்கும்வரை அவனுக்கு ஒன்றும் ஆகாது, இறங்கும்போதுதான், அவ்வளவு பாரமும் ஒரு நொடியில் வந்து உட்காரும்போதுதான். கால் மடிந்தால் அந்தப் பக்கத்து இறக்கை தரையில் குத்தும், குத்தினால் விமானம் கரணம் போடும், பெட்ரோல் டேங்க் அவன் முழங்காலுக்கு முன்னால் இருக்கிறது, ராபின்சன்தான் ஒருநாள் சோறு சாப்பிட்டுக்கொண்டே இதையெல்லாம் கதைபோலச் சொன்னான், ரசத்துக்கு முன்னால். எஞ்சின் இரைச்சலுக்கு நெஞ்சில் பால் சுரந்தது, கனத்து, ஜாக்கெட் நனைந்தது, எந்தச் சத்தத்துக்கும் சுரக்கிறது, பக்கத்து வீட்டுப் பூனைக்குட்டி கத்தினால்கூட. பாப்பா முகத்தை அதில் தேய்த்தாள். கிழக்கே காற்றாலைகள் சோம்பலாகத் திரும்ப ஆரம்பித்திருந்தன. வெயில் ஏற ஏறக் கணவாய்க் காற்று எழுந்துவிடும், அதற்கு முன்னால் இறங்கிவிட வேண்டும் என்று அவர்கள் பேசியிருந்தார்கள். சொல்ல வேண்டும். சொன்னால் அத்தை, வாயக் கழுவு, மேல இருக்கறப்ப பேசற பேச்சா இது, என்பாள். சொல்லாவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சொல்லாதது யாருக்கும் தெரியப் போவதில்லை, அந்த நினைப்பு வந்த வேகத்தில் கால் தானாக ராபின்சன் பக்கம் நடந்தது.

"அண்ணா. கால்ல கோடு இருந்துச்சுங்க அண்ணா. திருநீத்துல. சாக்பீஸ் பொடியில வந்துச்சே, அதே மாதிரி."

ராபின்சன் முதலில் சிரித்த முகத்தோடேயே திரும்பினான், அந்தச் சிரிப்பு முகத்தை விட்டுப் போவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "என்ன சிஸ்டர் சொல்றீங்க?" கான்வெண்டில் படித்தவள் என்பதால் கல்யாணத்திலிருந்தே அவன் அவளை அப்படித்தான் கேலியாகக் கூப்பிடுவான். அவள் முந்தானையை நீட்டினாள். அவன் மோந்து பார்த்தான். கறையைப் பார்த்தான். நேற்று மண்ணெண்ணெயில் துடைத்தபோது வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான், அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "எந்தக் கால்?" என்றான். அவள் மேலே சுற்றும் இரண்டு சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "சிஸ்டர், எந்தக் கால்னு தெரிஞ்சா அந்தக் கால்ல பாரம் வெக்காம மத்தக் கால்ல எறங்கிரலாம். அவன் செஞ்சுருவான். இறக்கையச் சாச்சுப் புடிச்சு, வேகம் கொறையற வரைக்கும் ஒத்தக் கால்லயே ஓட்டிருவான். எந்தக் கால்?"

எந்தக் கால். பூஜைக்கு விமானத்தைக் கிழக்குப் பார்த்து நிறுத்தியிருந்தார்கள், அத்தை சொன்னபடி, காற்று மேற்கிலிருந்து என்பதால் பூஜை முடிந்ததும் மேற்கே திருப்பிவிட்டார்கள், அந்தத் திருப்பலில்தான் அவளுக்குள் எல்லாம் திரும்பிவிட்டது. கண்ணை மூடினாள். குனிந்திருக்கிறாள். இடுப்பில் பாப்பா. வெயில் எங்கே? வெயில் கன்னத்தில், பாப்பா இருந்த பக்கத்துக் கன்னத்தில், அவள் எப்போதும் பாப்பாவை இடது இடுப்பில்தான் வைப்பாள், அப்படியானால் கிழக்கு இடது பக்கம், அவள் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். தெற்கே பார்த்துக் காலைப் பார்த்தாள் என்றால், வெளியிலிருந்து பார்த்திருந்தால் அது வடக்குக் கால், மூக்கு கிழக்கே இருக்கும்போது வடக்கு என்பது அவனுக்கு இடது. ஆனால் விமானத்தின் வயிற்றுக்கு அடியில் புகுந்து உட்கார்ந்து வெளிப்பக்கமாகப் பார்த்திருந்தால் தெற்குக் கால், அவனுக்கு வலது. அடியில் புகுந்தாளா? பட்டுப் புடவையோடு, பாப்பாவோடு புகுந்திருப்பாளா? புகுந்திருக்கலாம், நிழலுக்காக, பாப்பா வெயிலில் கண்ணைக் கூசினாள். ஆனால் கன்னத்தில் வெயில் இருந்ததே. எழும்போது தலை இடித்தது, அது நிச்சயம், "மெதுவா சிஸ்டர், புது விமானம்" என்று ராபின்சன் கத்தினான். இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பியில் இடித்திருந்தால் வெளியே இருந்தாள். வயிற்றில் இடித்திருந்தால், அது துணி போர்த்திய இடம், இழுத்துக் கட்டிய துணி, தொம்மென்று சத்தம் வந்திருக்கும், வலித்திருக்காது. வலித்ததா? தலைக்குள் கையை விட்டுத் தடவினாள். முடி கையோடு வந்தது. உச்சிக்குக் கொஞ்சம் பின்னால் ஒரு புடைப்பு, தொட்டதும் சுரீரென்றது. கம்பிதான். வெளியேதான். வடக்கு. இடது கால். இடது, இடது என்று உதடு சொல்லிப் பார்த்தது.

ஆனால் அவள் எப்போதுமே இடது என்று நினைத்தால் அது வலதாக இருக்குமே. பிறவியிலேயே இடதுகைக்காரி, சிலேட்டில் முதல் எழுத்தே இடது கையால் எழுதினாள், கான்வெண்டில் மதர் அந்தக் கையை மேஜைக்கு அடியில் வைக்கச் சொன்னார், வைக்காவிட்டால் ஸ்கேல். சோற்றுக்கை எழுத்துக்கை ஆனது, அதற்குள் எது எந்தக் கை என்பதே கலங்கிப்போனது. விளையாட்டு விழா அணிவகுப்பில் எல்லோரும் இடதுகால் வைக்கும்போது இவள் வலதுகாலை வைத்து வரிசையையே குலைத்தாள். சிஸ்டர் ஜெர்மானா அவளைத் தனியாக நிறுத்தி, திட்டாமல், கன்னத்தைப் பிடித்துச் சொன்னார், உன் மனசு முதல்ல எதைச் சொல்லுதோ அதை நம்பாதே சைல்ட், அதுக்கு மாத்தி வை, சரியா வரும். சரியாக வந்தது. அதிலிருந்து எல்லாவற்றுக்கும் மாற்றித்தான் வைக்கிறாள், பரீட்சையில், ஜவுளிக்கடையில், மாப்பிள்ளை பார்த்ததில்கூட முதலில் வேண்டாம் என்றுதான் மனசு சொன்னது. வண்டியில் பின்னால் உட்கார்ந்து வழி சொல்லும்போது மட்டும் மாற்ற மறந்துவிடுவாள், லெஃப்ட்ல திரும்புங்க என்பாள், திருமூர்த்தி சிரித்துக்கொண்டே வலது பக்கம் திருப்புவான், போக வேண்டிய வீடு அங்கேதான் இருக்கும். "எங்கூட்டு அம்மிணி காட்டற கைக்கு எதிர்ப்பக்கம் திரும்புனா ஊர் போய்ச் சேரலாம்" என்று எல்லோரிடமும் சொல்வான்.

ராபின்சன் வாக்கி டாக்கியில் சொல்லிக்கொண்டிருந்தான், ஒரு கால்ல விரிசல் இருக்கும்போலத் தெரியுது மாப்ளே, பதறாதே, சிந்து பாத்துச்சாம், ஆமா, திருநீத்துல, காத்து எந்திரிக்கறதுக்குள்ள எறக்கிரலாம். கரகரப்புக்குள்ளிருந்து திருமூர்த்தியின் குரல் வந்தது, எஞ்சினுக்கு மேலே கத்தும் குரல், ஆனால் உள்ளே நிதானமாக இருந்தது, அந்த நிதானம்தான் அவளுக்குத் தாங்கவில்லை. "அவகிட்டக் குடு." ராபின்சன் பெட்டியை அவள் வாயருகே பிடித்தான். "சிந்து. என் பக்கமிருந்து சொல்லு. நான் உக்காந்திருக்கற பக்கமிருந்து. எந்தக் கால்?" பாப்பா அந்தக் குரலைக் கேட்டதும் பெட்டியைப் பிடிக்கக் கையை நீட்டினாள், ப்பா என்றாள். அத்தை தட்டோடு பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள், வாயக் கழுவு என்று சொல்லவில்லை, இவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், எலுமிச்சம்பழம் நறுக்கிய கை, பிசுபிசுவென்று. இடது என்று மனசு சொன்னது. முதலில் சொல்வதை நம்பாதே. இடது என்று தலையிலிருந்த புடைப்பு சொன்னது. மாற்றி வை. மேலே எஞ்சின் சுற்றிக்கொண்டே இருந்தது. "வலதுங்க" என்றாள். "வலது கால்."

"சரி" என்றான் அவன். "வலதுல பாரம் வெக்கல. இடதுலயே எறங்கறேன்." பெட்டி கரகரத்து அடங்கியது.

சொல்லி முடித்த கணத்திலேயே தெரிந்துவிட்டது. சொல் வாயை விட்டுப் போனதும் உள்ளே அந்த இடம் காலியாகி, காலியான இடத்தில் எல்லாம் அதனதன் திசையில் வந்து நின்றது, சாய்வுக் கம்பியின் நிழல் பாப்பாவின் பாதத்தில் குறுக்கே விழுந்திருந்தது, அவள் வெளியேதான் இருந்தாள், வடக்கேதான், தோப்பின் வாய்க்கால் அவள் முதுகுக்குப் பின்னால் சலசலத்தது, வாய்க்கால் வடக்கே இருக்கிறது. "அண்ணா, இடதுங்க, மாத்திச் சொல்லிட்டேன், இடது" என்று அவன் சட்டையைப் பிடித்தாள். ராபின்சன் அவளைப் பார்த்தான், மேலே பார்த்தான், விமானம் ஏற்கெனவே தோப்பைத் தாண்டிக் கிழக்கே போய், மேற்கு நோக்கித் திரும்பி, இறங்குவதற்கு நேராக வந்துகொண்டிருந்தது. "இப்ப நிச்சயமா தெரியுமா?" என்றான். நிச்சயமா. இதற்கு முன்னால் சொன்னதும் நிச்சயமாகத்தானே சொன்னாள். "நிச்சயமாத் தெரியலைன்னா வேண்டாம் சிஸ்டர். தரைக்குக் கிட்ட வந்துட்டான். இப்ப மாத்தினா ரெண்டும் கெட்டுப்போயிரும்." பெட்டியை அவன் மார்போடு அணைத்துக்கொண்டான், அவளுக்கு எட்டாமல். அப்போது அவளுக்கு வண்டி ஞாபகம் வந்தது. திருமூர்த்தி எப்போதும் மாற்றித்தானே திருப்புவான். வலது என்று சொன்னால் இடது என்றுதானே எடுத்துக்கொள்வான், வாய்க்குச் சரி என்று சொல்லியிருப்பான், கை மாற்றித்தான் பிடிக்கும், இத்தனை வருடமாக அவள் காட்டிய பக்கம் அவன் போனதே இல்லை, இன்றைக்கும் போக வேண்டாம், சிரித்துக்கொண்டே மாற்றிப் பிடிக்கட்டும், எங்கூட்டு அம்மிணி சொல்றதைக் கேட்டா ஊர் போய்ச் சேர முடியாது என்று நினைத்துக்கொள்ளட்டும். பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் சொல்லும் மாதா ஜெபம் அவளை அறியாமல் வாயில் ஓடியது, நடுவில் சொற்கள் கழன்று விழுந்தன, முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொன்னாள். என்னை நம்பாதீங்க. என்னை நம்பாதீங்க. விமானம் தாழ்ந்தது. இறக்கைகள் சமமாக இருந்தன, சமமாகவே இருந்தன, ஓடுபாதையில் காயப்போட்டிருந்த சோளத்தட்டுகளைத் தாண்டி, ஆட்டுக்காரர்கள் போட்ட கல்வரிசையைத் தாண்டி, பிறகு, மெதுவாக, சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைபோல, வலது இறக்கை மேலே எழுந்தது.

வலது சக்கரம் தரையை விட்டு உயரத்தில் நின்றது. இடது சக்கரம் தொட்டது. ஒரு புழுதி. அத்தனை பாரமும், அவனும், டேங்கும், எஞ்சினும், அந்த ஒரு காலின் மேல். அவள் கண்ணை மூடவில்லை, மூட முடியவில்லை, அந்தக் கால் ஒவ்வொரு மேட்டிலும் விரிந்து விரிந்து கூடியது, வாத்து நடப்பதுபோல, ஓடிக்கொண்டே இருந்தது, இவ்வளவு நீளமான ஓடுபாதை எதற்கு, ஏன் இன்னும் நிற்கவில்லை, அவளுடைய இடது காலின் முழங்கால் தானாக விறைத்து அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. வேகம் குறையக் குறைய வலது இறக்கை தளர்ந்து இறங்கியது. வலது சக்கரமும் தரையைத் தொட்டது. விமானம் ஒரு தடவை குலுங்கி நின்றது. எஞ்சின் இருமி அடங்கியது. வாய்க்கால் சத்தம் கேட்டது. பாப்பா எதற்கோ சிரித்தாள்.

அத்தை தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராபின்சன் ஓடினான், அவளும் ஓடினாள், பட்டுப் புடவை தடுக்க, பாப்பாவின் தலை தோளில் குதிக்க. திருமூர்த்தி இறங்கி, வலது பக்கம் மண்டியிட்டு, வலது காலின் மேல்பக்கத்தைச் சட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் முகம் சிரித்தது. "எங்க சிந்து, ஒண்ணையும் காணோமே. நல்லா இருக்குதே. நீ பயந்துட்டே, அவ்வளவுதான்." விரலால் வெல்டிங்கைச் சுற்றிச் சுற்றித் தடவினான். "வழக்கம்போலத்தான்" என்று ராபின்சனிடம் சொல்லி, மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான். அவள் விமானத்தின் மூக்கைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனாள். போக வேண்டியதில்லை. இப்படியே விட்டுவிட்டால் அவள் பயந்தாங்கொள்ளி என்பதோடு போய்விடும். குனிந்து பார்த்தாள். அவள் பூசிய பட்டை பொரிந்து உதிர்ந்திருந்தது, அதற்கு அடியில் கோடு இல்லை, கோடெல்லாம் எப்போதோ தாண்டிப்போய், இரும்பு நகம் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது, குழாயின் சுற்றளவில் பாதிக்கு மேல், உள்ளே புது உலோகம் பளபளவென்று. "இங்கங்க" என்றாள். "அது இல்லீங்க. இது."

அவன் சுற்றி வந்தான். பார்த்தான். அவன் விரலை அருகே கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினான். தொட்டால் விழித்துக்கொள்ளும் என்பதுபோல. பிறகு எழுந்து, சாய்வுக் கம்பிக்கு அடியில் தோளைக் கொடுத்து, இறக்கையின் பாரத்தைத் தன்மேல் ஏற்றிக்கொண்டான். "ராபின், ஜாக்கி எடுத்துட்டு வா. ஓடு" என்றான். அவளிடம், "பாப்பாவை எடுத்துட்டு அக்கட்டால தள்ளிப் போ" என்றான், குரலை உயர்த்தாமல். தூரத்திலிருந்து அத்தை, "என்ன கண்ணு ஆச்சு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லீங்மா" என்றான்.

அவள் போகவில்லை. "எப்பவும் நான் சொல்றதை மாத்தித்தானே திருப்புவீங்க" என்றாள். "இன்னைக்கு ஏங்க அப்படியே கேட்டீங்க?"

கம்பி அவன் தோளில் அழுந்தியிருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவளைப் பார்க்காமல் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "குரலைக் கேட்டேன். அப்படி நடுங்கி நீ பேசி நான் கேட்டதில்லை. அந்த மாதிரி பயத்துல ஆரு தப்பாச் சொல்லுவாங்கன்னு நெனச்சேன்."

தினமும் அப்படித்தான் நடுங்குகிறாள் என்று அவனுக்குத் தெரியாது. தொட்டிலுக்குப் பக்கத்தில், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, அவன் கூரையைப் பார்த்துக் காலைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கும்போது, சத்தமில்லாமல். சொல்லலாமா என்று வாயைத் திறந்தாள். ராபின்சன் ஜாக்கியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு புழுதியில் ஓடி வந்துகொண்டிருந்தான். "போ சிந்து, சரிஞ்சுருச்சுன்னா உங்க மேலதான் விழும்" என்றான் திருமூர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் பாப்பாவை இறுக்கிக்கொண்டு தள்ளிப்போனாள், எந்தப் பக்கம் போகிறாள் என்று பார்க்காமல்.